ஹிமாங்சு பாபுவின் தொழில்

டாவோஸ், சுவிட்சர்லாந்து,
3.2.1987

அன்பு மகள் மனோகரிக்கு,

நல்லூரான் புண்ணியத்தில் நான் இங்கு சுகம், நீயும் கொழும்பில் பெரியம்மா வீட்டில் சுகமாயிருக்க வேண்டும். சுகம் என்றது உடம்பைத்தான். ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிந்து உன் அப்பா இப்போது பாதி வெள்ளைக்காரன்.

நீ எப்போதும் விசாரிக்கிற வங்காளத்து எழுத்தாளர் ஹிமாங்சு பாபுவைப் போன கிழமை திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னோடு ஒரே தொட்டியில் கோப்பை கழுவிய மனிதன், தன் ஊரில் பன்னிரண்டு புத்தகம் போட்டவர். அரைகுறை இங்கிலீசில் தன் கதைகளைச் சொல்லுவார், நான் என் கால்வாசி இங்கிலீசில் விளங்கிக்கொள்வேன். ஒரு கதையில் தளபதியின் மீசையைப் பார்த்து ஒரு கைக்குழந்தை சிரித்துவிடும், அதை விசாரிக்கக் கமிஷன் வரும். கேட்டுச் சிரித்ததில் நான் ஒரு தட்டை உடைத்தேன். அந்தக் கதைக்காகத்தான் டாக்காவில் அவரைப் பிடித்து வலக்கை விரல்களை முறித்தார்களாம். பிறகு இடக்கையால் எழுதப் பழகினார்.

அகதி விசாரணைக்கு முதல்நாள் படித்துப் படித்துச் சொன்னேன், பாபு, தொழில் கேட்டால் சமையல்காரன் என்று சொல்லுங்கோ, நான் பலசரக்குக் கடைக்காரன் என்றதும் நம்பினார்கள், இந்த முகத்துக்குப் பொய் சோடிக்கிற மூளை இல்லையென்று பார்த்தவுடனே தெரிந்திருக்கும் என்று. மனிதன் கேட்கவில்லை. நான் சமையல்காரன் என்றால் அந்தப் புத்தகங்களை எழுதியது யார் என்று என்னோடு சண்டை. விசாரணையில் கதை எழுதுகிறவன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாராம். அதிகாரி பேனையை வைத்துவிட்டு, இதையும் நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்றாராம். வளைந்த விரல்களை மேசையில் வைத்துக் காட்டினாலும், அது கதவில் நசுங்கியிருக்கலாமாம்.

பத்திரிகையில் வந்த உன் கதையை அவருக்குச் சொன்னேன். என் இங்கிலீசில் உன் கதாநாயகி நடுவில் செத்துப்போய்க் கடைசியில் கலியாணம் முடித்தாள், அப்படியும் கெட்டிக்காரப் பிள்ளை என்றார். றெயில் ஏறும்போதும், உன் மகள் தான் எழுதுகிறவள் என்பதை ஒளிக்க விடாதே என்றுதான் சொல்லிப் போனார்.

அடுத்த மாதம் நீ வந்திறங்க, உன்னையும் அந்த மாதிரி ஒரு மேசைக்கு முன்னால்தான் இருத்துவார்கள். தையல்காரி என்று சொல். உனக்குத் தைக்கத் தெரியும்தானே, பொய்யில்லை. பத்திரிகை நறுக்குகளைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வா. மற்றத் தகப்பன்மார் பிள்ளை செய்யாததையும் செய்ததாகப் பீற்றித் திரிகிறார்கள், நானோ நீ செய்ததை மறைக்கச் சொல்லுகிறேன். பாபு கேட்டால் என்னோடு கதைக்கமாட்டார். அந்தப் பயமும் இனியில்லை, அவர் நின்ற இடத்தில் கோப்பை கழுவுகிற மெஷின் ஒன்றைப் பூட்டிவிட்டார்கள், அது கதை சொல்லாது.

பத்திரமாய் வந்து சேர், கந்தன் துணை நிற்பான். தடித்த காலுறை மறக்காதே. தையல் ஊசிப் பெட்டியையும்.

உன் அப்பா,
இராஜசிங்கம்