தாத்தா துப்பும் இடம்

லாரல் ஓடை
ஆகஸ்ட், கடைசி ஞாயிறு

அன்புள்ள மகள் டெல்ஃபாவுக்கு,

அப்பா சொல்ல அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும், கறவை மாடும், என் வலது முழங்காலும் ஒருவாறு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே டேட்டனில் நீயும் இருமல் காய்ச்சல் இல்லாமல் நல்லபடி இருக்க வேண்டும் என்று இன்று காலை ஆராதனையில் கேட்டுக்கொண்டேன். இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் அம்மா நினைத்து அம்மா எழுதியவை, அடியில் ‘அப்பாவும் விசாரித்தார்’ என்று ஒரு வரி இருக்கும், அந்த வரியைக்கூட நான் சொன்னதில்லை. இது நான் சொல்வது. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும் என்று அவளிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். பதினோரு வருஷம் வாயைத் திறக்காத மனுஷனுக்கு இப்ப வாக்கு வேற வேணுமாக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே பென்சில் சீவுகிறாள், அதையும் எழுது என்றேன். பீன்ஸ் ஜாடியில் போட்டு மூடியாயிற்று, கூரைத் தகரத்தில் ஆப்பிள் வற்றல் காய்கிறது, குளவித் தொல்லை தாங்கவில்லை, முட்டைக்கோஸில் பாதி முயலுக்குப் போனது. உன் வேலையிடத்து இரைச்சல் இப்போது எப்படி, காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறாயா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆர்லி ஸ்டான்பரியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவர் பெயரை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவளே நீதான். பிடில் முன்னால் போகும், கிதார் பக்கவாத்தியமாக ‘டும் சக், டும் சக்’ என்று பின்னால் வரும், இதுதான் இந்த மலையில் சட்டமாக இருந்தது. மரம் அறுக்கும் ஆலையில் பலகை தூக்கிக்கொண்டிருந்த அந்த மனிதர் தந்தி மீட்டுகிற, கட்டைவிரல் நகமளவு தகடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பிடிலுக்கே மூச்சு வாங்குகிற பாட்டுகளை முழுசாகக் கிதாரில் எடுத்தார். ரேடியோவில் முதலில் கேட்டபோது, இரண்டு பேர் வாசிக்கிறார்கள், ஒருவன் பெயரைச் சொல்லாமல் ஏமாற்றுகிறார்கள் என்றேன். ஆறு வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ மட்டும் ரேடியோப் பெட்டியில் காதை ஒட்டிக்கொண்டு, அவர் கை எப்படிப் போகிறது என்று பார்க்காமலே பிடித்தாய். பிறகு மில்சாப் கொட்டகையில் அந்த அறுவடை நடனம். நான் வில்லுக்குப் பிசின் தேய்க்க ஒரு நிமிஷம் நிறுத்தினேன், ஆடுகிறவர்கள் நிற்கக் கூடாதே என்று நீ பாட்டைக் கிதாரில் எடுத்துக்கொண்டாய். நன்றாகத்தான் போயிற்று. நன்றாகப் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேர் நடுவில் நான் சொன்னது என்ன என்று உனக்கும் தெரியும், எனக்கும் ஒரு நாள் மறந்ததில்லை. “வண்டிக்குப் பின்னால ஓடுற நாய் வண்டிய இழுக்கக் கூடாது. இந்தப் பாட்டைத் தொடாதே.” நீ கிதாரைப் பெட்டியில் வைத்தாய். இலை உதிருமுன் டேட்டன் பஸ் ஏறிவிட்டாய். கிறிஸ்துமஸுக்கு வருஷா வருஷம் நீ வருகிறாய், கிதார் வருவதில்லை. இன்னும் வாசிக்கிறாயா என்று கேட்க எனக்கு நாக்கு எழும்பியதில்லை.

முந்தின வாரச் சனிக்கிழமை ஆற்றங்கரைப் பள்ளி மைதானத்தில் பிடில்காரர்கள் கூடும் நாள். கிளேட் மில்சாப் தன் வண்டியில் எங்களை ஏற்றிப் போனான். இதே மைதானத்தில் நான் முதலில் வாசித்த வருஷம் நாற்பது பிடிலுக்கு மூன்று கிதார் இருந்தது, மூன்று பேரும் தலையைக் குனிந்துதான் வாசிப்பார்கள், யார் யார் என்று இப்போதும் பெயர் சொல்வேன். இந்தத் தடவை மரத்தடிக்கு மரத்தடி கிதார். மீசை நரைத்தவர், மீசை முளைக்காதவர், பிள்ளையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த பெண், எல்லார் மணிக்கட்டும் ஆர்லியின் மணிக்கட்டு போலவே ஆடுகிறது. ஜப்பானிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள், தண்ணீர் வேண்டும் என்பதையே கையால் காட்டித்தான் கேட்டார்கள், ஆனால் ஆர்லியின் வாசிப்பில் அவர்களுக்குத் தெரியாத சுரம் ஒன்று கிடையாது. ஒரே ஒருவர் கை இத்தனை கைகளை ஆட்டிவைக்குமா என்று நின்றுவிட்டேன். வாயை மூடுங்க, ஈ புகுந்துடப் போகுது என்றாள் அம்மா.

பின்னேரம் அவர் மேடைக்கு வந்தார். பெரிய உருவம், மண்வெட்டி மாதிரிக் கை. நாற்காலியில் உட்கார்ந்து சுருதி பார்த்தார், பிறகு தகடு கீழே போயிற்று, மேலே வந்தது, கீழே, மேலே, தறியில் நாடா ஓடுவது போல ஒரு தடவைகூட வரிசை பிசகவில்லை. பட்டாணியை உரித்துத் தகரக் கிண்ணத்தில் போட்டால் ஒவ்வொன்றும் தனியாகக் கேட்குமே, நூறு பேர் சேர்ந்து உரித்தும் ஒன்றோடொன்று ஒட்டாமல் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது மகளே. அவசரம் என்பதே அவர் முகத்தில் இல்லை, கொட்டாவி விடுகிறவர் போல உட்கார்ந்திருந்தார். பிடிலில் வில்லை இழுத்தால் சத்தம் தானாக நீளும், தப்பு வந்தால் வில் அதை மூடிவிடும், நானே எத்தனை மூடியிருக்கிறேன். கிதாரில் தட்டியது தட்டியதுதான். அடுத்த சுரம் பிறப்பதற்குள் முந்தியது செத்துக்கொண்டிருக்கும், ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அப்படி வெட்டவெளியில் நின்றுகொண்டு அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. அறுபது வருஷம் பிடில் பிடித்தவனுக்கு இது அன்றைக்குத்தான் புரிந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன், தேவாலயத்துக்கு வெளியே நான் தொப்பி கழற்றி அம்மா பார்த்ததில்லை.

நாலாவது பாட்டுக்கு அவர் பெயர் சொல்லவில்லை. எனக்கு முதல் சுரமே போதும். ‘சேணமில்லாக் குதிரை’, என் அப்பா ஈனாக்கின் பாட்டு. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்கிறேன், சொல்லாவிட்டால் எனக்கு வரிசை வராது. அதன் இரண்டாம் பாதியில் உன் தாத்தாவுக்கு வாயில் புகையிலைச் சாறு நிறைந்துவிடும், வில்லை நிறுத்தி, தாளத்தில் ஒரு தட்டு நேரத்துக்குள் கணப்பில் துப்பிவிட்டுத்தான் மேலே போவார். காதால் எடுத்த பாட்டு, தாளில் யார் எங்களுக்குக் காட்டினார்கள், துப்புவதும் பாட்டில் சேர்ந்தது என்றே பிடித்துக்கொண்டோம். வெளியூர்க்காரன் ஆட வந்தால் அந்த இடத்தில் கால் தட்டி விழுவான். தாத்தாவுக்குப் பிறகு அது எனக்கு வந்தது, எனக்குப் பிறகு உனக்கு, வேறு எந்த வீட்டிலும் கிடையாது. ஆர்லி அந்த இடத்துக்கு வந்தார். தகடு நின்றது. ஒரு தட்டு. பிறகு போனார். என் வாய் தன் பழக்கத்தில் துப்பிவிட்டது, முன்னால் இருந்தவர் பூட்ஸ் மேல் போய் விழுந்தது. அம்மா கைக்குட்டையை எடுத்துக்கொண்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள், நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மேடைக்குப் பின்னால் ஒரு வண்டியின் பலகையில் உட்கார்ந்து ரொட்டிக்குள் பன்றித்தொடை வைத்துத் தின்றுகொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லாமல் ஆழம் பார்த்தேன். “நாலாவது பாட்டுல ஓரிடத்துல கை நின்னு போச்சே, தம்பி, தவறிடுச்சா?” என்றேன். “தவறலைங்க ஐயா,” என்றார். “அதை எடுத்துட்டு வாசிச்சுப் பார்த்தேன், பாட்டு செத்துப் போகுது. டேட்டன்ல வாசிக்கப் போனப்ப ஒரு பொண்ணுகிட்ட கத்துக்கிட்டேன். குளிர்பெட்டிக்குக் கதவு மாட்டுற வேலை பார்க்குது. இந்த இடத்துல எதுக்கும்மா நிக்கணும்னு கேட்டா, எங்க தாத்தா துப்புறதுக்குன்னுச்சு.” அவரே தொடர்ந்தார், அந்தப் பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டாராம், எத்தனை தடவை கூப்பிட்டும் மாட்டேன் என்றாளாம். மற்றதெல்லாம் சமையலறையில் உட்கார்ந்து வாசிப்பேன், இது அப்பா தொடாதே என்று சொன்ன பாட்டு, அவர் வாயால் வாசி என்று சொல்லாமல் நாலு பேர் முன்னால் எடுக்க மாட்டேன், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் அவருக்குப் பிறந்தவர் இல்லையே என்று சிரித்தாளாம். அந்த அப்பா இவர்தாங்க என்று அம்மா என் முதுகில் கை வைத்துச் சொன்னாள். ஆர்லி ரொட்டியைக் கீழே வைத்தார், கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து என் கையைப் பிடித்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “கோவிச்சுக்காதீங்க ஐயா. அந்தப் பாட்டை உங்க பொண்ணு என்னைவிட நல்லா வாசிக்குது. அந்த இடத்துல நான் எண்ணிட்டு நிக்கிறேன். அது எண்ணாம நிக்குது” என்றார்.

டெல்ஃபா, ஜப்பான்காரனையும் வாசிக்க வைத்த மனிதர் சொன்ன சொல் அது. நீ அவரிடம் கையைக் கற்றாய், அவர் உன்னிடம் பாட்டைக் கற்றார், நடுவில் நான் ஒருவன்தான் வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். அன்று கொட்டகையில் நான் சொன்னது தப்பு. நாய் என்றது தப்பு. பொறாமையில் சொன்னது, பெற்றவனுக்கு வரக்கூடாத பொறாமை. வாசி மகளே. சமையலறையில் வாசி, மேடையில் வாசி, யாரையும் கேட்காமல் வாசி. அடுத்த ஆகஸ்டுக்கு இதே மைதானத்தில் நீ முன்னால் வாசிக்க வேண்டும், நான் பின்னால் பக்கவாத்தியம் போடுகிறேன். எனக்கு அது வராது, எழுபத்து நாலு வயதில் பழகுகிறேன், ஒரு வாரமாக மாட்டுக்கொட்டகையில் வில்லால் ‘சக் சக்’ என்று வெட்டிக்கொண்டிருக்கிறேன், மாடு பாலைக் குறைத்துவிட்டது என்று அம்மா குறைப்படுகிறாள்.

கர்த்தர் உன் பத்து விரலையும் காப்பாராக. கதவு மாட்டும்போது பேச்சுக் கொடுக்காதே, கையுறை போட்டுக்கொள். ஒன்று மட்டும் மறக்காதே, கிறிஸ்துமஸுக்கு வரும்போது கிதாரை வண்டியின் பின்பெட்டியில் போடாதே, மலையேறும்போது குளிரில் மரம் விரிசல் விட்டுவிடும். மடியில் வைத்துக்கொண்டு வா.

இப்படிக்கு, பின்னால் வாசிக்கப்போகும் உன் அப்பா,
வெர்லின் ஆஸ்பார்ன்
× இந்தக் குறி அவர் கையால் போட்டது

அம்மா: ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வாசி மகளே என்பதற்கு முன்னால் நிறுத்தினார், கணப்புப் பக்கம் திரும்பினார். துப்பவில்லை.