தொட்டியை யாருக்கும் கொடுப்பதாக இல்லை

அன்புள்ள பாப்புவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகும், அது உனக்குத் தெரிந்த கதைதான். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்பதை முகத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவேன், ஆனால் நீ போனில் முகத்தைக் காட்டாமல் அறையின் கூரையைத்தான் காட்டுகிறாய். எப்படியும் நன்றாக இருக்கிறாய் என்று நம்பியே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வாராவாரம் பேசிக்கொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் வீட்டில் போனில் பேசினால் நாலு சுவருக்கும் கேட்கும். இதை அத்தை காதுபடச் சொல்ல எனக்கு மனமில்லை. போன வாரம் நீ, "மீன் தொட்டி தொந்தரவா இருந்தா சொல்லும்மா, என் ஃப்ரெண்ட் வந்து எடுத்துட்டுப் போயிடுவா" என்றாய் அல்லவா, அத்தை பக்கத்திலேயே நின்றதால் நான் பிடிகொடுக்காமல் பேச்சை மாற்றினேன். இப்போது சொல்கிறேன், தோழியை அனுப்பாதே. தொட்டியைக் கொடுப்பதாக இல்லை. ஏன் என்று கடைசிவரை படித்தால் தெரியும், நடுவில் எனக்குப் போன் போட்டுவிடாதே.

அத்தை குடியிருந்த வீட்டை இடித்துவிட்டார்கள், அதனால்தான் நம்மோடு வந்து இருக்கிறார் என்பது உனக்குத் தெரியும். வந்த நாளிலிருந்தே பாரமாக இருந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்தார். குடித்த டம்ளர் சூடு ஆறுமுன் கழுவிக் கவிழ்த்திருக்கும். குளியலறையில் அவர் துண்டுகூடத் தொங்காது, அறைக்குள்ளேயே கொண்டுபோய் உலர்த்துவார். ஆயுள் முழுக்கப் பெரிய ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்த்தவர் இல்லையா, கறை என்று ஒன்றைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது. நான் கண்ணாடிக் கடையிலும் உன் அப்பா பள்ளிக்கூட வேனிலும் இருந்த ஒரு பகலில், நமக்கு ஓர் உபகாரம் செய்வோம் என்று உன் தொட்டியில் கை வைத்துவிட்டார்.

சாயங்காலம் நான் வந்து பார்த்தபோது தொட்டிக்குக் கண்ணாடியே இல்லாத மாதிரி அவ்வளவு பளிச்சென்று இருந்தது. எனக்கே முதலில் சந்தோஷம்தான். அத்தை கையைத் துடைத்துக்கொண்டே, "எவ்ளோ அழுக்கு தெரியுமா, கல்லெல்லாம் வழவழன்னு, நாலு தண்ணி அலசினேன்" என்றார். பால்கனிக் கொடியைப் பார்த்தேன். ஃபில்டர் பஞ்சு, கொதிக்கிற தண்ணீரில் கசக்கிப் பிழிந்து வெள்ளை வெளேரென்று, இரண்டு கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசவேண்டும், குழாயடியில் காட்டவே கூடாது, மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுகிற நல்ல கிருமியெல்லாம் அதற்குள்தான் குடியிருக்கிறது என்று நீ எனக்குப் படித்துப் படித்துச் சொன்னாய். நான் அதை அத்தைக்குச் சொல்லவில்லை, சொல்லவேண்டும் என்று யாருக்குத் தோன்றும். திரும்பித் தொட்டியைப் பார்த்தால் மீன்கள் அத்தனையும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. அடியிலேயே மேய்கிற கோரி மீன்கள்கூட மேலே பாய்ந்து பாய்ந்து இறங்கின.

உன் அப்பா வந்து பார்த்து, அக்காவைத் தேற்றுவதாக நினைத்து, "மீன்தானே அக்கா, போனா போவுது, வேற வாங்கிக்கலாம்" என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அத்தை முகம் அதோடு செத்துவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் வாசல் பக்கம் அவர் பை நிற்கிறது. கூட வேலை பார்த்த தோழி தனியாக இருக்கிறாளாம், அவள் வீட்டில் ஓர் அறை இருக்கிறதாம், "சும்மா பாத்துட்டு வரேன்மா" என்றார். சும்மா பார்த்துவிட்டு வருகிறவர் எதற்குப் போர்வையை மடித்து அலமாரியில் வைக்கவேண்டும்? எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்த மீன்கள் செத்துத் தொட்டியையும் தூக்கிப்போட்டுவிட்டால் அந்த மூலை காலியாகக் கிடக்கும், அதைப் பார்த்துக்கொண்டு அத்தை இந்த வீட்டில் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்னமாட்டார். அதனால் மனசுக்குள் ஒரே முடிவு. மீனும் இருக்கவேண்டும், அண்ணியும் இருக்கவேண்டும்.

சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை நான். சமாதானம் சொன்னால் அழுதுகொண்டே கிளம்புவார். "போறதுன்னா போங்க அண்ணி, ஆனா இந்த பக்கெட்டை ஒரு கை பிடிச்சுட்டுப் போங்க, தனியா எனக்குத் தூக்க வராது" என்றேன். பக்கெட்டை விட்டுவிட்டுப் போக அவர் கைக்குத் தெரியாது. காற்பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, முந்தின நாளே பிடித்துவைத்து நீ வாங்கிக்கொடுத்த குளோரின் முறிக்கிற சொட்டையும் விட்ட தண்ணீரை ஊற்றினோம். நான் நேரே கவிழ்க்கப் போனேன், அத்தை மணிக்கட்டை இரண்டு தண்ணீரிலும் மாறி மாறி வைத்துப் பார்த்து, "இது ஜில்லுனு இருக்கு, குளிர்ல நடுங்கிடாது?" என்று நிறுத்தி, கொஞ்சம் வெந்நீர் கலந்து, கோப்பை கோப்பையாக ஊற்றினார். மறுநாளைக்கும் ஒரு வேலை வைத்தேன், அதற்கு மறுநாளைக்கும். பை வாசலிலேயே நின்றது, நானும் அதைத் தாண்டித் தாண்டித்தான் கடைக்குப் போனேன், உள்ளே எடுத்து வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மீன் கடைக்காரரிடம் கேட்டதற்கு மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள் என்று சொல்லி ஒரு நீல மருந்தையும் நீட்டினார். வியாதி என்னவென்று தெரியாமல் எதற்கு மருந்து, எனக்கு வேண்டாம் என்று வந்துவிட்டேன். நேரே மாடி வீட்டுப் பல் டாக்டர் கதவைத் தட்டினேன், அவர் வீட்டில் நம்முடையதைவிடப் பெரிய தொட்டி இருக்கிறதே. உறை ஊற்றக் கொஞ்சம் தயிர் கேட்கிற மாதிரி, "உங்க ஃபில்டர்ல இருந்து கொஞ்சம் அழுக்குப் பஞ்சு குடுங்க டாக்டர்" என்றேன். மனுஷர் முதலில் பல்வலிக்குத்தான் ஏதோ கேட்கிறேன் என்று நினைத்தாராம். அப்புறம் சிரித்துக்கொண்டே பழுப்பேறிய பஞ்சில் ஒரு துண்டை வெட்டித் தொட்டித் தண்ணீரோடு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார். அதை அத்தை கையில் கொடுத்தபோது அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! இவ்வளவு அழுக்கை வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பது அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவை. ஆனாலும் தன் கையாலேயே ஃபில்டருக்குள் வைத்தார். தீனியைப் பாதிக்கும் கீழே குறைத்தோம். தினமும் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து உன் சொட்டு மருந்தை விட்டால் பச்சை காட்டும், பச்சை என்றால் விஷம், உடனே பக்கெட்டை எடுப்போம்.

இனி எழுதப்போவதைக் கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு படி. டெட்ரா மீன்களில் சில போய்விட்டன. நீ மேனேஜர் என்று பேர் வைத்த மீனும் போய்விட்டான். அந்தத் தேன் கௌராமி எவ்வளவு கம்பீரமாகத் தொட்டியை ரோந்து சுற்றுவான், அவன் ஒரு மூலையில் சாய்ந்து, செவுள் சிவந்து, இலைமேல் படுத்துவிட்டான். அத்தை நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மத்தியானம் அவன் அசைவு நின்றதும் எழுந்து போய்ப் பூந்தொட்டி மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்து, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார் பார், வீட்டை இடித்தபோதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷி. "நல்லதுன்னு நெனச்சுத்தானேம்மா செஞ்சேன்" என்றார். எனக்குத் தெரியும் அண்ணி என்றேன். நானும் கூட உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "நாளைக்குத் தண்ணி பிடிச்சு வெச்சாச்சா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன், அவரே எழுந்துபோய்ப் பிடித்துவைத்தார்.

அதற்குப் பிறகு ஒன்றும் சாகவில்லை. சோதனைக் குழாய் மெல்ல மெல்லப் பச்சை வெளுத்து ஒரு காலையில் சுத்த மஞ்சளாக நின்றது, அத்தை அதை உன் அப்பாவிடம் காட்ட வேன் வரைக்கும் கொண்டு ஓடினார். டெட்ராக்களின் சிவப்புக் கோடு மறுபடி ஏறிவிட்டது. உருகி உதிர்ந்த செடியில் நடுவிலிருந்து சின்னதாகக் குருத்து விட்டிருக்கிறது.

நேற்று அந்தத் தோழியே அத்தையைக் கூட்டிப்போக வந்துவிட்டாள். அறையைக் கூட்டி வைத்திருக்கிறாளாம், இவர் இன்னும் வரவில்லையே என்று தேடி வந்தாளாம். அவளும் அதே ஆஸ்பத்திரிக் கை, வந்ததும் வராததுமாகத் தொட்டியைப் பார்த்து, "பின் கண்ணாடியில பச்சையாப் படிஞ்சிருக்கே, ஒரு தேய் தேய்ச்சா போயிடும்" என்று கையை நீட்டினாள். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கை வெக்காத. அது இருக்கட்டும். நான் தேய்ச்சுத்தான் இதைக் கெடுத்தேன், இப்ப நான்தான் பாத்துக்கறேன். தண்ணி மாத்தணும்டி, என்னால வர முடியாது" என்றார். என் எதிரில், உன் அப்பா எதிரில், குரல் கொஞ்சமும் தாழாமல் சொன்னார். தோழி காபி குடித்துவிட்டுத் தனியாகத்தான் போனாள். நான் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெங்காயம் நறுக்கியதாக நினைத்துக்கொள்.

அதனால் பாப்பு, அடுத்த தடவை போன் பண்ணும்போது என்னைக் கேட்காதே, அத்தையைக் கூப்பிடு. "பரவாயில்ல அத்தை" என்று மட்டும் சொல்லிவிடாதே, அந்த வார்த்தை அவரைத் திரும்ப விருந்தாளியாக்கிவிடும். தண்ணீர் எப்படி இருக்கிறது, எந்தச் செடியை எப்போது நறுக்கலாம், புது மீன் விட எவ்வளவு காலம் பொறுக்கவேண்டும் என்று தொட்டிக்காரியிடம் பேசுகிற மாதிரி பேசு. மேனேஜருக்காக நீ அழுதால் அழு, ஆனால் அழுது முடித்துவிட்டுப் போன் பண்ணு.

உடம்பைப் பார்த்துக்கொள், காதை மூடிக்கொள், கூரையைக் காட்டாமல் முகத்தைக் காட்டு. எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நோய்நொடி அண்டாமல் நீ நெடுநாள் நன்றாக இருக்கவேண்டும். குளோரின் சொட்டு தீரப்போகிறது, எந்தப் புட்டி வாங்கவேண்டும் என்பதை மறக்காமல் அத்தையிடமே சொல்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா