குளிர் அறையில் கொய்யாப்பழம்

எல் ரோசால்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் நூபியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நன்றாக நடமாடுகிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும். நேற்று நீ போனில் அழுதபோது இங்கே இருந்தது நான், உன் அப்பா அன்செல்மோ, உன் மகள் மர்யோரி, சூடாக அரேபா சோள ரொட்டி கொடுக்க வந்த பக்கத்து வீட்டு ரொசால்பா. மர்யோரியிடம் மட்டும் அம்மாவுக்கு ஜலதோஷம் என்று சொல்லி வைத்தேன். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரித்தால் பார்க்க வேண்டும் நீ.

ஓட்டலில் உன்னைக் கேக் பகுதிக்குப் பொறுப்பாக்கியதிலிருந்து அங்கே வேலை செய்யும் மற்ற இரண்டு பேரும் உன்னோடு சாப்பிட உட்காருவதில்லை, அடுப்புச் சூட்டை ஏற்றிவிட்டுக் கேக்கைக் கருக்கிப் பழியை உன்மேல் போட்டார்கள், ஸ்பெயினே வேண்டாம், வந்துவிடுகிறேன் என்றாய். உன் அப்பா, "வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார், அவருக்கென்ன. நான் ராத்திரியெல்லாம் யோசித்தேன்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது பூப்பண்ணையில் அன்னையர் தினத்துக்கு அனுப்பும் கார்னேஷனைத் தரம் பிரிக்க என்னைத் தலைவியாக வைத்தார்கள். பழுத்த பழம் பக்கத்தில் இருந்தால் அந்தப் பூ இதழைச் சுருட்டிக்கொண்டு தூங்கிப்போகும், அதனால் கொட்டகைக்குள் யாரும் பழம் கொண்டுவரக் கூடாது. என்னோடு பூப் பிரித்த ஒதிலியா ஒரு பை கொய்யாவைக் குளிர் அறையில் என் வாளிகளுக்குப் பின்னால் செருகிவிட்டாள். காலையில் பார்த்தால் அத்தனை பூவும் சுருண்டு கிடந்தது. சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த பழத்தை நான்தான் மறந்து வைத்தேன் என்று மேஸ்திரி திட்டி, என்னைத் திரும்பக் களை பிடுங்க அனுப்பினான். ஒதிலியா வைத்ததைக் கண்ணால் பார்த்தவள் ஒருத்தி என் பக்கத்திலேயே நின்றாள், தலையைக் குனிந்துகொண்டு பூவைக் கட்டிக்கொண்டே இருந்தாள்.

ஒதிலியா அடுத்த வருஷம் வீடு தேடி வந்தாள். "உன்னப் பாத்து வயிறு எரிஞ்சுது கொன்சுவேலோ, வேற ஒண்ணுமில்ல" என்றாள். காபி கொடுத்தேன், குடித்துவிட்டு அழுதாள். அதோடு அது போயிற்று. பொறாமை காய்ச்சல் மாதிரி, வந்தவர்களுக்குத் தானாகவே இறங்கிவிடும்.

நீ அழுகையோடு அழுகையாக ஒன்று சொன்னாய், உனக்கே அது பெரிதாகத் தெரியவில்லை. பாத்திரம் கழுவும் பிலார் முதலாளியிடம் போய், "சூட்ட ஏத்துனது நூபியா இல்ல, நான் பாத்தேன்" என்று சொன்னாளாமே. எனக்கு அப்படி ஒருத்தி இருந்திருந்தால் நான் களை பிடுங்கியிருக்க மாட்டேன். நீ வராதே மகளே. உன் வேலையை ஒழுங்காகச் செய், அந்த இரண்டு பேருக்கும் தினமும் வணக்கம் சொல், சம்பளத்தை மட்டும் சொல்லாதே. பிலாரோடு உட்கார்ந்து சாப்பிடு.

ஆண்டவர் உன்னைக் கையில் வைத்துக் காப்பாற்றுவார். குளிருக்குக் கம்பளிக் காலுறை போட்டுக்கொள். கிறிஸ்துமஸுக்கு உன் ஞானத்தாய் ஓர்தென்சியாவுக்குப் போன் செய்வாய், செய், அது உன் கடமை. நான் நலம் விசாரித்ததாக மட்டும் சொல்லாதே. அன்றைக்குத் தலையைக் குனிந்தவள் அவள்தான். ஒதிலியாவை மன்னித்தேன், மேஸ்திரியையும் மன்னித்தேன், ஓர்தென்சியாவை மன்னிக்க மாட்டேன்.

உன் அம்மா,
கொன்சுவேலோ