கணக்குக்கு வாங்கிய கடன்

நேற்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது, பிரியாணிக் கடையில் அண்டாவைத் திறந்தார்கள். சீரகச் சம்பாவின் ஆவி ரோடு வரைக்கும் வந்தது. அப்படியே நின்றுவிட்டேன். உன் முதல் சம்பளத்தில் வங்கித் தவணை போக மிஞ்சியதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேதான் என்னைக் கூட்டிப் போனாய். "நல்லாத் தின்னுட்டி. கடன் வாங்குனவ வயித்தக் காயப் போடணும்னு சட்டமா இருக்கு?" என்றாய்.

கல்லூரியில் மூன்று வருஷமும் ஒரே பெஞ்சு நமக்கு. நீ கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாய். நான் சங்கரன்கோவிலில் ஏறி உனக்குப் பக்கத்தில் உட்காருவேன். சென்னையில் இருவருக்கும் எம்.எஸ்சி. கணிதத்துக்கு இடம் கிடைத்தபோது, விசைத்தறி ஓட்டும் உன் அப்பாவால் விடுதிக் கட்டணத்தைக்கூடக் கட்ட முடியவில்லை. என் வீட்டிலும் அதே நிலைதான். இருவரும் கல்விக் கடன் வாங்குவது என்று முடிவானது. அன்றைக்குத்தான் உன் பெரியப்பா வந்தார்.

"அந்த ரூவாக்கு நர்சிங் சேத்தா வெளிநாட்டுக்குப் போயிருவா. கணக்குப் படிச்சா இங்கன டீச்சராத்தானே வரணும்? கடன எப்பம் அடைப்பா?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாமும் பஸ்ஸில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தோமே! இங்கே தனியார் பள்ளியில் தரும் சம்பளம், மாதத் தவணை, பஸ் செலவு. எப்படிப் போட்டாலும் இடித்தது. "வேண்டாம்ட்டி, விட்டுரலாம்" என்றேன். நீ பத்திரிகையைப் பிடுங்கிக்கொண்டாய். "இது மொத சில வருசத்துக் கணக்குதான. படிச்சது அதுக்கப்புறமும் எங்கூட இருக்கும்லா? அத எங்கன எழுதியிருக்க?"

பெரியப்பாவிடமும் நீ தலைகுனியவில்லை. "நர்சு வேல நல்ல வேலதான் பெரியப்பா. ஆனா ஊசியப் பாத்தா எனக்கு மயக்கம் வருது. கணக்கப் பாத்தாத்தான் முழிப்பு வருது. நான் வாங்குதேன், நானே அடைக்கேன்."

சென்னையில் எம்.எஸ்சி.யும் பிறகு பி.எட்.டும் முடித்து, ஊர் திரும்பி ஒரே பள்ளியில் சேர்ந்தோம். சம்பளத்தில் பாதிக்கு மேல் வங்கிக்குப் போனது. மாலையில் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை அரசுத் தேர்வுக்குப் படிப்பு. செருப்பு அறுந்தால் தைத்துப் போட்டாய். சில நாள் ஸ்டாஃப் ரூமில் சம்பளக் கவரைத் தூக்கி எறிவதுபோல் மேஜையில் போடுவாய். ஆனால் மணி அடித்ததும் வகுப்புக்குள் நுழையும் உன் நடையில் அந்தக் கவர் இருக்காது.

ராயகிரியிலிருந்து பெண் பார்க்க வந்த நாளில் நான் உன் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "கடன நாங்களே அடைச்சிருதோம். கல்யாணத்துக்கப்புறம் வேலைக்கு மட்டும் போவாண்டாம்." உன் அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். நீ காபித் தட்டைக் கீழே வைத்தாய்.

"கடன அடச்சிருவிய, சரி. நான் படிச்ச கணக்க எங்க கொண்டு போடச் சொல்லுதிய?"

அவர்கள் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். உன் அம்மா அழுதார். மறுநாள் நீ பத்தாம் வகுப்புக்கு வழக்கம்போல முக்கோணவியல் நடத்தினாய்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இருந்தோம். பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு நீ திரும்பவில்லை.

துக்க வீட்டில் பெரியப்பா தன் துயரத்தில்தான் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. "கணக்குப் படிச்சு என்னத்தக் கண்டா? கடனத்தான் வச்சிட்டுப் போயிருக்கா." நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா எழுந்துவிட்டார். அவர் அண்ணனை எதிர்த்துப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"எம்மக மாசம் தவறாம கட்டுனா. சாவு வந்துதான் நிறுத்திட்டு. அவ படிச்சத இனி ஒருத்தரும் கொறையாப் பேசப்பிடாது."

கடனோடு சேர்த்து எடுத்திருந்த காப்பீடு உன் மிச்சத்தைத் தீர்த்துவிட்டது. என் தவணைகள் இன்னும் ஓடுகின்றன. அரசு வேலை வரவில்லை. சம்பளம் கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்று காலை குருவிகுளத்திலிருந்து ஓர் அம்மா தன் மகளோடு பள்ளிக்கு வந்தார். மகளுக்குக் கணிதம் படிக்க ஆசை. கடன் வாங்கலாமா என்று கேட்டார். நான் எதையும் மறைக்கவில்லை. என் சம்பளம், என் தவணை, கை இறுகும் மாதங்கள், எல்லாவற்றையும் சொன்னேன். விடுதிச் செலவு குறைந்த அரசுக் கல்லூரியில் முதலில் முயலச் சொன்னேன். அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இவ்வளவும் தெரிஞ்சிருந்தா நீங்க மறுபடியும் இதையே படிப்பியளா, டீச்சர்?"

"படிப்பேன்" என்றேன். பக்கத்து வகுப்பில் பாடம் நின்று, எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி அவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டேன். நான் மெல்லப் பேசுகிறவள், உனக்குத் தெரியும். இப்படிப் பேசும் துணிச்சல் நான் உன்னிடம் வாங்கிய கடன். அதை மட்டும் யாருக்கும் நான் திருப்பிக் கட்டப்போவதில்லை.