மதகு முனி யாருடைய கதை?

எப்போதும் தாகத்தோடே இருந்த என் மூர்த்தி அண்ணாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. அம்மா உன் சட்டைகளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. நெமிலிச்சேரி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் உன் படத்துக்கு முன்னால் நின்று அழத்தான் நினைக்கிறேன். அழுகை வருவதற்குள் கோபம் வந்துவிடுகிறது. செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். பிறகு யார் மேல் படுவது, நீயே சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் சிநேகிதர் தயாளன் என்னைத் தேடி ஐயப்பன்தாங்கலுக்கு வந்தார். அம்பத்தூர் கல்யாண மண்டபத்தில் வருஷா வருஷம் நடக்கிற விளையாட்டு மாநாட்டை இப்போது அவர்தான் நடத்துகிறார். கேரம், செஸ் எல்லாம் ஒரு பக்கம், உங்கள் கதை ஆட்டத்துக்குத் தனியாகச் சில மேஜைகள். இந்த வருஷத்திலிருந்து நல்ல மாஸ்டருக்கு உன் பேரில் கோப்பையாம். "நீங்க வந்து உங்க கையால குடுத்தா போதும்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாதே, அவர்களுக்காகச் சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் நீ டர்னர் வேலை பார்த்தபோது வெளிநாடு போய் வந்த இன்ஜினீயர் ஒருத்தர் இந்த ஆட்டத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒருத்தர் மாஸ்டர், அவர் கதையை நடத்துவார். சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். ஒருத்தன் திருடன், ஒருத்தன் வைத்தியன். என்ன செய்யப் போகிறோம் என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும், அது பலித்ததா இல்லையா என்று பகடை முடிவு செய்யும். நைலான் கட்டையை அரத்தால் தேய்த்து எட்டு முகப் பகடை ஒன்று நீயே செய்தாய். ஒரு முனை கோணிக்கொண்டதால் அதில் எப்போது பார்த்தாலும் மூன்றுதான் விழும்.

ஆரம்பத்தில் ஆள் கிடைக்காமல் என்னோடுதான் ஆடிப் பார்த்தாய். நான் மாவு ஆட்டிக்கொண்டே ஆடினேன். கொஞ்ச நாளில் கதைகளையே நான் கட்ட ஆரம்பித்துவிட்டேன். மதகு முனி என்னுடைய கதை. வயலெல்லாம் காய்கிறது, ஏரி மதகை ஒரு முனி திறக்க விடாமல் காக்கிறது, அதை அடித்துப்போட்டுத் தண்ணீர் விட வேண்டும். அவ்வளவுதான் நாம் பேசி வைத்திருந்தது.

அந்த வருஷ மாநாட்டில் நானும் மேஜையில் உட்காரட்டுமா என்று கேட்டேன். "பசங்களோட சரிசமமா உக்காந்து பேசினா அம்மா காதுக்குப் போவும். சாப்பாடு எடுத்துகினு வா, ஓரமா இருந்து பாரு" என்றாய். புளிசாதத் தூக்கோடு வந்தேன். பந்தி போடுகிற பக்கம், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டாய். அங்கிருந்து உன் மேஜை தெரியும், பேச்சு கேட்காது.

கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் வேர்க்கத் தண்ணீர் குடிக்க வந்தாய்.

"சுகுணா, மோசம் போச்சு. இவனுங்க சண்டையே போட மாட்டேன்றானுங்க. முனிக்குக் கல்யாணம் பண்ணி அனுப்பிடலாம்னு பொண்ணு பாக்கறாங்களாம். இப்ப நான் இன்னா சொல்றது?"

"பாக்கட்டும். ஆனா முனி கண்டிஷன் போடும். பொண்ணு ஏரிக்கு அக்கரையில கீறா. மாப்பிள்ளை நீச்சலடிச்சுகினு போவாது, நடந்துதான் போவும். மதகை மொத்தமா தொறந்து ஏரிய வடிச்சாதான் வழி."

"வடிச்சா?"

"கீழ கீற ஊரு முங்கிடும். இன்னா பண்றதுன்னு அவனுங்களே அடிச்சுக்கட்டும்."

டம்ளரைக் கீழே வைக்காமலேயே ஓடினாய்.  உடனே உன் மேஜையில் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு வாக்குவாதம். மற்ற மேஜைக்காரர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு உன்னைச் சுற்றி நின்றார்கள். நீ மறுபடி தண்ணீருக்கு வந்தாய், மறுபடியும் வந்தாய். "மாமே, சுகர் கிகர் கீதா, பாத்துக்க" என்று தயாளன் கத்தியது எனக்கே கேட்டது. நானும் சிரித்தேன். அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது அண்ணா, பொய் சொல்லவில்லை.

உனக்குக் கோப்பை கொடுத்தார்கள். மைக்கில் இன்ஜினீயருக்கு நன்றி சொன்னாய், தயாளனுக்குச் சொன்னாய், மைக் செட்காரருக்குக்கூடச் சொன்னாய். கடைசியில், "சாப்பாடு எடுத்துகினு வந்த என் தங்கச்சிக்கும்" என்றாய்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கோப்பையை என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். கதை என்னுடையது என்று ஏன் அண்ணா சொல்லவில்லை என்று கேட்டேன். "பொம்பளப் புள்ளய கேட்டுகினு ஆடறான்னு சிரிப்பானுங்க" என்றாய். அதோடு பேச்சு முடிந்தது. உனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதுதான் இன்றுவரைக்கும் ஆறவில்லை.

அந்த முனிக்காவது கண்டிஷன் போட வாய் இருந்தது. எனக்குக் கல்யாணம் பேசியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் மாநாடு நெருங்கினால் மிக்சர் பொட்டலத்தோடு ஐயப்பன்தாங்கலுக்கு வந்துவிடுவாய். "தங்கச்சி மேல இன்னா பாசம்" என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். நானும் உனக்கென்று ஒரு கதையை யோசித்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். நீ என்னைப் பார்க்க வந்தாயா, கதைக்கு வந்தாயா? இரண்டுக்கும் என்றால்கூட ஒத்துக்கொண்டிருப்பேன்.

மஞ்சள் காமாலையில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தயாளன் உன் காலைப் பிடித்துக்கொண்டு, "அந்த முனி ஆட்டம் மாதிரி இனிமே எவனால ஆட முடியும் மச்சான்" என்று அழுதார். நீ என்னைப் பார்த்தாய். இப்போதாவது சொல்வாய் என்று கட்டில் ஓரத்துக்கு வந்தேன். "தண்ணி குடு" என்றாய். கொடுத்தேன். அதுதான் நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை தயாளனிடம் ஒன்று கேட்டேன்.

"கடைசியில கீழூரு இன்னா ஆச்சு?"

"அது மூர்த்திக்குத்தாம்மா தெரியும். சண்டையிலயே நேரம் ஆயிடுச்சு, நாங்க மதகைத் தொறக்கவே இல்ல."

"எனக்குத் தெரியும்."

"அண்ணன் சொல்லிச்சா?"

பார்த்தாயா அண்ணா. நீ போன பிறகும் நான் உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள்தான்.

"எனக்கு ஒரு மேஜை போடுங்க. நான் மாஸ்டரா உக்கார்றேன்" என்றேன். அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப கப்பு யாரு குடுக்கறது?" என்று கேட்டார். யாராவது கொடுக்கட்டும் என்றேன். சரி என்று அவர் சொன்ன விதத்தில் சம்மதம் பாதிதான் இருந்தது. அது போதும்.

அம்மாவிடமிருந்து உன் பகடையை வாங்கி வந்துவிட்டேன். இன்னும் மூன்றுதான் விழுகிறது. மதகு முனியைத்தான் ஆடப் போகிறேன். யார் கதை என்று கேட்டால் என் கதை என்று சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். உன்னைத் திட்ட மாட்டேன், பகடை செய்தது எங்கள் அண்ணன் என்று சொல்வேன். உனக்கு உரியது அது.

ஒன்று மட்டும் உறுதி அண்ணா. மேஜை மேலேயே ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொள்வேன். எழுந்து போய்க் கேட்டுவர எனக்கு யாரும் வேண்டியதில்லை.

உனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்த தங்கச்சி,
இந்த வருஷத்து மாஸ்டர்,
சுகுணா