பிரித்துப் போட்ட செட்

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். போனில் பேசினால் அவள் பக்கத்தில் இருப்பாள், அதனால்தான் இந்தக் கடிதம். நம் பல் டாக்டர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு உன்னைவிட அதிகமாகக் கலங்கிப்போனாரே, அவர்தான்.

எங்கள் இரண்டு பேருக்கும், வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசும் இந்த ஹாம் ரேடியோ பைத்தியம் என்று உனக்குத் தெரியும், ஆனால் அந்தப் பைத்தியத்தில் இரண்டு ரகம். அவருக்குப் பேச வேண்டும். எந்த தேசத்து ஆள் கிடைத்தாலும் பெயர், ஊர், மழையா வெயிலா, சத்தம் எப்படி விழுகிறது, இரண்டே நிமிடம், முடிந்தது. பிறகு விலாசம் அச்சடித்த அட்டை ஒன்றைத் தபாலில் அனுப்புவார், அங்கிருந்தும் ஒன்று வரும், சுவர் முழுக்க ஒட்டி வைப்பார். எனக்குப் பேச்சு வராது. லிஃப்ட் மெக்கானிக்காக முப்பது வருஷம் குழிக்குள் தனியாக வேலை பார்த்தவன். கம்பியை நீட்டி, குறைத்து, சுருளைச் சுற்றி, அவிழ்த்து, துளியூண்டு மின்சாரத்தில் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்பதில்தான் எனக்கு ருசி. "இத்தனை பேர்கிட்ட மழை பெய்யுதான்னு கேட்டு என்னத்தக் கண்டீங்க டாக்டர்" என்பேன். "நீ ரோடு போட்டுக்கிட்டே இருய்யா, ஒரு நாளாவது அதுல நடந்திருக்கியா" என்பார். ஆனாலும் தினமும் காலை ஏழு மணிக்கு இருவரும் ரேடியோ செட்டில் நாலு வார்த்தை பேசிக்கொள்வோம். அவர் மனைவி காலமான பிறகு அவராகக் கேட்டுச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

போன மாதம் புதுச் சுருள் ஒன்றைப் பற்றி யோசனை வந்து, செட்டைத் திறந்து மேஜை முழுக்கப் பிரித்துப் போட்டேன். நாலு நாள் ஆகும் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் போனில் அரைமணி நேரம் பிடித்துக்கொள்வாரே என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை அவருக்கு ரேடியோ அறையிலேயே பக்கவாதம் வந்து நாற்காலியிலிருந்து விழுந்திருக்கிறார். போன் சமையலறையில். மைக் மட்டும் கைக்கு எட்டியிருக்கிறது. என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். நான் அப்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன் மகளே. ஐம்பது நிமிடம் கழித்து, வேறொரு தேசத்தில் ஓய்வு பெற்ற கப்பல் என்ஜினியர் ஒருவர் காதில் அந்தக் குழறல் விழுந்திருக்கிறது. டாக்டருடைய செட்டுக்கு அடையாளமான ஸ்டேஷன் எழுத்துகளும் என்னுடைய எழுத்துகளும்தான் அதில் புரிந்தனவாம். நாலு வருஷத்துக்கு முன்னால் டாக்டரோடு இரண்டு நிமிடம் பேசிய ஆள் அவர். டிராயரில் கிடந்த அட்டையைத் தேடியெடுத்து, விலாசம் பார்த்து, இங்கே போலீசுக்குப் போன் செய்திருக்கிறார். அவர்கள் கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பேச்சையாவது காப்பாத்தியிருக்கலாம்" என்று ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் நம் டாக்டரின் தங்கையிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணன் உங்களைத்தான் கூப்பிட்டாராமே, அன்னிக்கு உங்க பக்கம் கரண்ட் இல்லையா" என்று அந்த அம்மாளே கேட்டார். ஆமாம், கரண்ட் இல்லை என்று தலையாட்டிவிட்டேன். இருபது நாள் அந்தப் பொய்யோடு போய்ப் போய் டாக்டர் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். நேற்று தங்கை மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து, காதருகே குனிந்து உள்ளதைச் சொன்னேன். கரண்ட் இருந்தது டாக்டர், நான்தான் செட்டைப் பிரித்துப் போட்டிருந்தேன், உங்களிடம் பேச அலுத்துக்கொண்டு சொல்லாமல் விட்டேன் என்றேன். என்னையே பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு பக்கம் அசையாது அல்லவா, அதற்கே அவருக்கு வெகுநேரம் பிடித்தது. உதவவும் முடியாமல், வெளியே போகவும் முடியாமல், அவர் திரும்பி முடிக்கும் வரை நின்றேன்.

இன்றும் போனேன், திரும்பிப் பார்க்கவில்லை. நாளையும் போவேன். அம்மாவுக்கு அவர் விழுந்தது மட்டும்தான் தெரியும், நீ முந்திக்கொள்ளாதே, நானே சொல்லிக்கொள்கிறேன். கழுத்து வலிக்குத் தலையணையை மாற்றச் சொன்னேனே, மறக்காமல் மாற்று. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் நல்லபடியாக இருங்கள்.

உன் நலமே வேண்டும்,
அப்பா