ஏழாவது கல்

கலேவெல,
வியாழன், அஸர் தொழுகைக்குப் பிறகு.

சிரிப்பிலும் குற்றத்திலும் சரிபாதிப் பங்காளியான மச்சான் பஸ்லிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மத்ரஸாவில் நீ ஒழுங்காக ஓதிக்கொண்டிருப்பாய். இங்கே எல்லாரும் சுகம், என்னைத் தவிர. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ ஆபிஸ் போனில் பேசும்போது ஹஸ்ரத் பக்கத்திலேயே நிற்பாரே. இதை அவரே பிரித்திருந்தால்: ஹஸ்ரத், மீதி முழுக்க வரலாற்றுப் பாடம், உங்களுக்கு அலுப்படிக்கும்.

போன கிழமை நிஹ்லா டீச்சர் எங்கள் வகுப்பைக் குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற குத்துக்கல்லுகளைப் பார்க்கக் கூட்டிப்போனார். கல் பார்க்கப் போவதால் இதுதான் உண்மையான கல்விச் சுற்றுலா என்றேன். வெயிலில் நிற்க வைத்தார். எழுத்தே இல்லாத காலத்து ஆட்கள் நட்டுவிட்டுப் போனது என்று அவர் சொன்னபோது சத்தம் போட்டவனும் முன்னால் வந்து பார்த்தான். பிறகு எண்ணச் சொன்னார். அவர் கொப்பியில் ஆறு. எங்களுக்கு ஏழு வந்தது.

ஏன் என்று உனக்குத் தெரியும். நோன்பு லீவில் நாம் இரண்டு பேரும் உங்கள் லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் இழுத்துவந்து, வரிசையின் கடைசியில், உங்கள் காணி ஓரமாக நட்ட கல். தயிரும் சாணியும் குழைத்துப் பூசினோமே, பாசி அப்படிப் பிடித்திருக்கிறது. தொட்டபோது எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது. டீச்சரை ஒரு நிமிடம் திகைக்க வைத்துவிட்டுச் சொல்வதுதானே திட்டம். அவர் கண் கலங்கிவிட்டார் மச்சான். இத்தனை காலம் யாரும் காணாததை எங்கள் பிள்ளைகள் கண்டார்கள் என்று அங்கேயே நின்று யாருக்கோ போன் எடுத்தார். நான் மெல்ல வரிசையின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை தொல்பொருள் திணைக்களத்திலிருந்து அளக்கிற ஆட்கள் வந்து, கடைசிக் கல்லைச் சுற்றிச் சிவப்புக் கட்டை அடித்தார்கள். கட்டைக்குள்ளே மண்ணைக் கிளறக் கூடாதாம். உங்கள் வெங்காயக் காணியில் முக்கால்வாசி உள்ளே போய்விட்டது. நாற்று வளர்ந்து நிற்கிறது. இந்தக் கிழமை நடாவிட்டால் மாட்டுக்குத்தான்.

அப்போதே சொல்லியிருப்பேன். அதற்குள் அவர்களோடு வந்த அதிகாரி மாத்தயா, உங்கள் குடும்பம் எவ்வளவு காலமாக இங்கே என்று மீராசாஹிப் மாமாவைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு உன் வாப்பாவின் முதுகு எப்படி நிமிரும் என்று தெரியும்தானே. ஏழாவது கல்லில் கையை வைத்துக்கொண்டு, சிங்களத்தில் ஒரு முறையும் எங்களுக்காகத் தமிழில் ஒரு முறையும் சொன்னார்: "இந்தக் கல்லுலதான் எங்க வாப்பாட வாப்பா எருமை கட்டுவார்."

மாத்தயா அதை எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

இப்போது உண்மையைச் சொன்னால் மாமா பொய்யர் ஆவார். சொல்லாவிட்டால் காணி போகும். இரண்டு நாளாக ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. சோற்றில் கை வைத்துவிட்டு எழும்புகிறேன், சைக்கிளில் கல் வரை போகிறேன், திரும்பி வருகிறேன். உம்மா பூச்சி மருந்து தந்தார். கல்லைப் பிடுங்கிவிடலாம் என்று அலவாங்கோடு போனால், காவலுக்கு ஒருவர் குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறார். என்னையே டீ வாங்க அனுப்பினார்.

திங்கட்கிழமை வேலி போட வருகிறார்கள். அதனால் நாளை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மாமாவிடம் மட்டும் சொல்லப்போகிறேன். எருமைக் கதையை எப்படித் திருப்பி வாங்குவது என்று அவரே முடிவெடுக்கட்டும். டீச்சரிடம் பிறகு நானே போவேன். லேண்ட்மாஸ்டர் ஓட்டியது, கல்லை நிமிர்த்தியது, சாணி பூசியது எல்லாம் நான் ஒருவன் என்றுதான் சொல்வேன். அந்தக் கல்லைத் தனியாக நிமிர்த்துகிற உடம்பா இது என்று அவர் கேட்பார். உனக்குப் போன் வந்தால், ஓதுகிற பிள்ளை நீ, பொய் சொல்லாதே, சும்மா இரு.

மாமா ஏசினால் ஏசட்டும், அடித்தால் வாங்கிக்கொள்வேன். ஏசாமல், "சாப்பிட்டியா மகன்" என்று வழக்கம்போல் கேட்டுவிடுவாரோ என்றுதான் பயம். நாளை அந்த நேரத்தில் சொல்லாமல் நழுவ என் வாயில் ஒரு பகிடியும் வராமல் இருக்க ஒரு துஆ செய் மச்சான்.

உன்னுடைய,
அஸ்ஹர்